எட்டு முப்பத்தெட்டுக்கு இறங்கினாள்

இது நடந்து நான்கு வாரம் ஆகிறது. எழுதி வைத்தால் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்துத் தொடங்கியிருக்கிறேன். அடங்குமா என்று தெரியவில்லை.

நான் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். நிலையத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பதிவேடு. வண்டி வந்ததும் கண்டக்டர் ஜன்னல் வழியாக டிரிப் ஷீட்டை நீட்டுவார். வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கிளம்பும்போது கிளம்பிய நேரம். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. பட்டம் வாங்கியவன் இந்த வேலையில் ஏன் ஒட்டிக்கொண்டேன் என்று கேட்பவர்களுக்கு, எனக்கு நேரம் பிடிக்கும் என்று சொல்லி வந்தேன். எழுதி முடித்த நேரம் யார் வந்து கேட்டாலும் மாறாது.

இந்த ஆண்டு, தொண்ணூற்றொன்று, மே மாதம் எங்கள் ஊரில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. நாடே அறியும். அதற்குப் பிறகு பல நாள் ஊர் முழுக்கக் காக்கிச் சட்டை. ஓடுகிற வண்டியை நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தார்கள். விசாரிக்க வந்த இரண்டு பேர் என் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் புரட்டினார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று நான் கணக்காகச் சொன்னேன். அதில் ஒருவர், சின்ன வயசு, "வண்டி வந்தது தெரியுது சார். யார் இறங்கினாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஜூலையில் என் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். பதினேழு வயது. எங்களுக்கு ஒரே பெண். செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. கணிதம், முதலாம் ஆண்டு. காலை ஏழு இருபத்தைந்து வண்டியில் ஏறினால் ஒரகடம் வழியாக எட்டரையைத் தாண்டிச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் இறங்கலாம். அங்கிருந்து ரயிலில் இரண்டு நிறுத்தம். மாணவர் சீசன் டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் கூடப் போய்விட்டு வந்தேன். இரண்டாம் நாள், "நீ வராதப்பா, நான் போய்க்கிறேன்" என்றாள். சரி என்றேன். அவள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் ஜன்னலைக் கடந்து போனாள். வேறு யாரோ ஒரு பயணியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறினாள்.

வண்டி போன பிறகும் நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரகடம் பக்கம் வழியெல்லாம் வயலும் புதரும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கம்பெனி. நடுவில் வண்டி நின்றால் கேட்க ஆள் கிடையாது. அன்று மதியம் அந்த வண்டியின் கண்டக்டர் டிரிப் ஷீட்டை நீட்டியபோது, நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"சார், பாப்பா எறங்கிச்சி. ஸ்டேஷன் கேட்டாண்டயே வுட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு முப்பத்தெட்டு இருக்கும். இன்னா சார் நீ, இப்டி வேர்த்துகினு கீற? நான் கீறேன்ல."

அவர் என்னைவிட இரண்டு வயது சிறியவர். நல்ல மனிதர். அவருக்கும் இரண்டு பெண்கள். அன்று அவர் சொன்னது எனக்குத் தண்ணீர் குடித்தது போல இருந்தது. டயர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த சின்ன டைரி ஒன்று சட்டைப் பையில் இருந்தது. அதில் பென்சிலால் 8.38 என்று எழுதினேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாளும் சொன்னார். அடுத்த வாரம் அவருக்கு ஓய்வு நாள் வந்தபோது மாற்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். மாலை நாலு ஐம்பது வண்டிக்காரருக்கும் செய்தி போயிற்று. நான் மதிய ஷிப்ட் பார்க்கும் வாரங்களில் காலைச் செய்தி டீக்கடையில் எனக்காகக் காத்திருக்கும். ஒரு மாதத்தில் அந்தத் தடத்தில் ஓடிய அத்தனை பேருக்கும் டைம் கீப்பர் பொண்ணு யார் என்று தெரிந்துவிட்டது. டைரியில் ஒரு நாளைக்கு இரண்டு நேரம். காலையில் இறங்கியது, மாலையில் ஏறியது. அவளுக்கு இது தெரியாது என்று நினைத்தேன். தன்னந்தனியாகப் போய் வருகிறோம் என்ற தைரியம் அவளுக்கு இருக்கட்டும், பத்திரமாக இருக்கிறாள் என்ற நிம்மதி எனக்கு இருக்கட்டும், இதில் யாருக்கு நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் அதே கண்டக்டர் வேறொரு செய்தி கொண்டுவந்தார். என் மகளோடு பள்ளியிலிருந்தே படித்த பெண் ஒருத்தி. எங்களுக்கு அடுத்த தெரு. இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணை மதியம் இரண்டு மணிக்குச் செங்கல்பட்டில் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் யாரோ ஒரு பையனோடு பார்த்ததாக இன்னொரு கண்டக்டர் இவரிடம் சொல்லியிருந்தார்.

"நம்ம பாப்பா கூட இல்ல சார். அது கிளாஸ்ல கீது. ஆனா கூட சுத்தற பொண்ணாச்சே, அதான் காதுல போட்டு வெச்சேன்."

நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனுக்குச் சொல்லும் மாதிரி, கொஞ்சம் பாத்துக்குங்க என்றேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் ஏழு இருபத்தைந்து வண்டிக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாரம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மகள் கேட்டாள். "அவளை ஏம்ப்பா நிறுத்திட்டாங்க? உனக்கு எதுனா தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சாதம் பாதி இருந்தது. மோர் ஊற்றிக்கோ என்று அவள் அம்மா கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. அந்தப் பார்வையை நான் அன்றே படித்திருக்க வேண்டும். எனக்கு டைரியைப் படிக்கத்தான் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது. படிப்பு அதிகம் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். "தலை வலிக்குதா?" என்றால் ஆமாம் என்பாள். "வலிக்கலையா?" என்றாலும் ஆமாம் என்பாள். காலையில் நேரத்துக்குக் கிளம்புவாள். நேரத்துக்கு ஏறுவாள். எட்டு முப்பத்தெட்டு. எட்டு நாற்பத்தொன்று. மழை நாளில் எட்டு ஐம்பது. டைரியில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் தூங்கினேன்.

நவம்பர் கடைசியில் கல்லூரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. மதிய ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தபால்காரர் கையில் கொடுத்தார். பூஜை விடுமுறைக்குப் பிறகு உங்கள் மகள் வகுப்புகளுக்கு வரவில்லை, வருகைப் பதிவு குறைவாக இருப்பதால் தேர்வு எழுத முடியாமல் போகலாம், பெற்றோர் நேரில் வரவும் என்று அச்சடித்த வரிகளுக்கு நடுவே கையால் நிரப்பி எழுதியிருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். கார்டை மடித்துச் சட்டைப் பையில் டைரியோடு வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அவள் போன பிறகு ஒன்பதரை வண்டியில் ஏறினேன். அந்த வண்டியின் கண்டக்டருக்கு ஆச்சரியம். "இன்னா சார், நீங்களே வண்டி ஏறிட்டீங்க? பாப்பா காலைலயே போச்சே, எட்டு நாப்பதுக்கே எறங்கியிருக்குமே" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். ஸ்டேஷனுக்குள் போகாமல் வாசலிலேயே செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

கணிதத் துறைத் தலைவர் ஒரு அம்மா. என் வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் கார்டை மேசைமேல் வைத்தேன். பிறகு டைரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் செய்தேன்.

"மேடம், உங்க பதிவுல தப்பு இருக்கு. பாருங்க, அக்டோபர் கடைசியிலேருந்து ஒரு நாள் விடாம வந்திருக்கா. எட்டு முப்பத்தெட்டு, எட்டு நாற்பத்தொண்ணு. சாயங்காலம் நாலு ஐம்பது வண்டி. எல்லாமே இருக்கு."

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு டைரியை எடுத்தார். இரண்டு மூன்று பக்கம் புரட்டினார். "இது என்னங்க நேரம்?"

"சிங்கப்பெருமாள் கோவில்ல பஸ்ஸை விட்டு இறங்கின நேரம்."

"சரி. அதுக்கப்புறம் ட்ரெயின் ஏறினாங்களா?"

ரயிலில் எனக்குத் தெரிந்த கண்டக்டர் யாரும் கிடையாது.

அவர் கேலி செய்யவில்லை. டைரியை மூடி என் பக்கம் தள்ளினார். "யார் எழுதறது இது?"

"நான்தான்."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு நீங்க நினைக்கறீங்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "நல்லா போடற பொண்ணு சார். மொத டெஸ்ட்ல வகுப்பிலயே இரண்டாவது. ஆனா அதுக்கப்புறம் தனியாவே உக்காந்திருக்கும். ஒரு பெஞ்சு முழுக்கக் காலியா இருக்கும், அது மட்டும் ஓரத்துல. நானும் கேட்டேன். ஒண்ணும் இல்ல மேடம்னு சொல்லிச்சு. நான் இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கணும்." கிளம்பும்போது, "திட்டாதீங்க. இங்க பெரியாஸ்பத்திரியில மனசு விட்டுப் பேசறதுக்குன்னு டாக்டர் இருக்காங்க. அதுல தப்பு ஒண்ணும் கிடையாது. அட்டெண்டன்ஸை நான் பாத்துக்கறேன்" என்றார்.

செங்கல்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ரயிலில் வந்தேன். சின்ன பயணம்தான். அதற்குள் என் மனம் போகாத இடமில்லை. யாரோடு போகிறாள், எங்கே போகிறாள், எந்த ஊர். ஒரு பையன் இருந்தால் போதும் என்றுகூட நினைத்தேன். பையன் என்றால் கோபப்படலாம்.

ரயிலை விட்டு இறங்கியபோது மணி ஒன்றை நெருங்கியிருந்தது. தெற்குக் கோடியில், கூரை முடிந்து வெயில் விழும் இடத்தில் கடைசி பெஞ்சு. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். கை இரண்டும் பைமேல். புத்தகம் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கே ஒரு அம்மா கூடையில் வேர்க்கடலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை காட்டிக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? டெய்லி வரும்பா. காலைல வந்து குந்திச்சின்னா சாய்ங்காலம்தான் எழுந்து போவும். ஒரு நாள் கடல குடுத்தேன், வாணாம்னுச்சி. சோத்த நாய்க்கிப் போட்டுட்டு டப்பாவ அந்தக் குழாய்ல கழுவிக்கும். பேசாது."

"வேற யாராவது வருவாங்களா? பேச?"

"ஒருத்தரும் வரமாட்டாங்க. ரயில் வந்தா எழுந்து நிக்கும். போய்ட்டா குந்திக்கும். எனக்கே பயமா கீதுபா சில நாளு. அதான் நான் இப்ப இந்தக் கோடியில கடய போட்டுக்கறேன். நீ யாரு, அதுக்கு இன்னா வோணும்?"

அப்பா என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போய்ப் பக்கத்துல குந்து அப்ப. இங்க இன்னா மறஞ்சிகினு நிக்கற?" என்றார்.

ரயில் வந்தால் எழுந்து நிற்கும். இந்த நான்கு வாரமாக என்னை விடாத வாக்கியம் அதுதான். என் டைரியில் அவள் இறங்கிய நேரம் நிமிடம் பிசகாமல் இருந்தது. இந்த ஒரு வரி இல்லை. யாரோ பெயர் தெரியாத ஒரு பெண்மணி தன் கூடையை நகர்த்தி வைத்து என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போய் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன். அவள் திடுக்கிடவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு, "வந்துட்டியா" என்றாள். வெகுநாளாக எதிர்பார்த்தது போல.

"காலேஜ்லேருந்து கார்டு வந்துச்சும்மா."

"ஓ. அப்ப உன் ஆளுங்க சொல்லல."

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்ப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வண்டியில எனக்குன்னு ஒரு சீட்டு. கண்டக்டர் அண்ணன் பக்கத்துல. அதுல வேற யாரும் உக்காரக் கூடாது. ஒரு பையன் நோட்டு கேட்டு வந்தா, 'டேய், யார் பொண்ணு தெரியுமா?'ன்னு விரட்டுவாரு. பொண்ணுங்க வந்து நின்னா, 'தள்ளி நில்லுங்கம்மா, பாப்பாவுக்கு காத்து வரட்டும்'பாரு. ஒருத்தியும் அப்புறம் கிட்ட வரல. எனக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க தெரியுமா?"

"என்ன?"

"தபால் பெட்டி. என்கிட்ட எதைப் போட்டாலும் நேரா உன்கிட்ட வந்துருமாம்."

சட்டைப் பையில் இருந்த டைரியைக் கையால் மூடிக்கொண்டேன்.

"சைக்கிள் கடைல அவங்கப்பாகிட்ட நீதானே சொன்ன?"

"ஆமா" என்றேன். ஆகஸ்டில் சொல்லியிருக்க வேண்டிய ஆமா.

"நான் சொல்லலன்னு சத்தியம் பண்ணேன். யாரும் நம்பல. நீ சொல்லலன்னும் நான்தான் அவங்ககிட்ட சத்தியம் பண்ணேன். நீதானே எனக்கெப்படித் தெரியும்னு சொன்ன. அப்புறம் கண்டக்டர் அண்ணனே ஒரு நாள் பெருமையா சொன்னாரு, அந்தப் பொண்ணு விஷயத்த நாங்கதான் கண்டுபுடிச்சோம்னு. வண்டி முழுக்கக் கேட்டுச்சு." பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டாள். "அன்னிக்கு இங்க வந்து உக்காந்தேன். இங்கதான் உனக்கு ஆள் இல்ல."

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். "ரயில் வந்தா எழுந்து நிக்கறியாமே."

"ஏறணும்னுதான் எழுந்துக்கறேன். கால் வராது. கிளாஸ் வாசல்ல எல்லாரும் பேச்சை நிறுத்திட்டுப் பாப்பாங்கன்னு தோணும். ரயில் போயிடும். உக்காந்துக்குவேன்." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லா நாளும் ஏறத்தான் எழுந்தியான்னு கேக்காத."

நான் கேட்கவில்லை. கையை நீட்டி அவள் கையைப் பிடிக்க நினைத்தேன். பெஞ்சின் நடுவில் இருந்த இடம் எனக்குப் பெரிய தூரமாக இருந்தது. பத்து வயதுக்குப் பிறகு நான் அவள் கையைப் பிடித்ததில்லை. செங்கல்பட்டு ரயில் ஒன்று வந்தது. அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன். இருவரும் நின்றோம். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ரயில் போனது. இருவரும் உட்கார்ந்தோம். இந்த முறை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை.

"பசிக்குது" என்றாள்.

டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம். பாதி எனக்குக் கொடுத்தாள். கடலைக்கார அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது வண்டியில் கண்டக்டர் வழக்கம்போல அந்த சீட்டில் இருந்தவரை எழுப்பினார். "வேணாம், நான் நிக்கறேன்" என்று அவள் பின்னால் போய்விட்டாள். நானும் போய் நின்றேன். ஒரகடத்தில் கம்பெனி ஷிப்ட் விட்டு ஏறியவர்கள் எங்களை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வியர்வை, எண்ணெய் வாசனை. யாரோ அவள் காலை மிதித்துவிட்டு, "சாரிம்மா" என்றார்கள். "பரவால்லண்ணா" என்றாள். அவள் வேறு ஒருவரோடு பேசியதை நான் பல மாதமாகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டைரியையும் காட்டினேன். புரட்டிப் பார்க்கவில்லை அவள். சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டப்பா ஒரு மாசத்துக்கு மேலயே கழுவி வந்துகினு இருந்திச்சி. சாப்ட்டவ என்னிக்கிக் கழுவியிருக்கா? எனக்கு உறுத்திச்சி. உங்ககிட்ட சொல்லலாம்னு பாத்தேன். நீங்க நிம்மதியா இருந்தீங்க." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீங்க" என்றாள். ஒரே வீட்டில் மூன்று பேர். மூவரும் ஆளுக்கொன்றைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மகள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். யாரும் எதுவும் சொல்லக் கூடாது, நீயும் கேட்கக் கூடாது. "ரயில்ல ஏறினா நானே வந்து சொல்றேன். ஏறலன்னாலும் நானே சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன். நீ நம்பணும்."

கண்டக்டரிடம் சொல்வது சுலபமாக இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? எம் பொண்ணு மாரி பாத்துகினேன்."

"நீ ஒண்ணும் பண்ணலப்பா. நான் கேட்டதாலதானே செஞ்ச. இனிமே வேணாம். அவளையும் மத்தவங்க மாதிரி வுட்டுடு. சீட்டு இருந்தா உக்காரட்டும், இல்லன்னா நிக்கட்டும்."

"எதுனா ஒண்ணு ஆச்சின்னா?"

டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சைக்கிள் கடைக்கும் போனேன். அவர் டியூபைத் தண்ணீரில் அழுத்திப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காற்றுவாக்கில் கேட்டதை வந்து சொல்லிவிட்டேன், பெண்ணைத் திரும்ப அனுப்புங்கள் என்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"பையனோட நின்னது மெய்யா பொய்யா?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் பாக்கல."

"தெரியாததையா அன்னிக்கி வந்து சொன்ன?"

உள்ளே கதவோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். அவளிடம்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்துவிட்டேன். மறுநாள் என் மகள் தானாகவே அந்த வீட்டுக்குப் போனாள். கால் மணி நேரம் இருந்தாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

சனிக்கிழமைகளில் நாங்கள் மூவரும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அவள் மட்டும் உள்ளே போவாள். நானும் என் மனைவியும் வெளியே மர பெஞ்சில். கதவுக்குப் பின்னால் அவள் குரல் சில நேரம் கேட்கும், சொல் புரியாது. முதல் வாரம் எழுந்து கதவருகே போனேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். இப்போது நானே உட்கார்ந்திருக்கிறேன்.

கஷ்டம் காலை நேரம்தான். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்றால் அதைப் பார்ப்பதுதான் என் வேலை. எட்டு முப்பத்தெட்டு வராமல் எந்தக் காலையும் போவதில்லை. எந்த வண்டி எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதன் பிறகு மாலை வரை எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பெஞ்சில் இருக்கிறாளா, வகுப்பில் இருக்கிறாளா, எழுந்து நிற்கிறாளா. ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு கூட்டம், என்னோடு இதைப் பேச ஒருவரும் இல்லை. இருந்தவர்களை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் திங்கட்கிழமை, "இன்னிக்கு ஏறினேன்" என்றாள். மறுநாளும். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து, "ஏறல" என்றாள். அன்று நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன். ஏன், என்ன ஆச்சு, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அடுக்கினேன். அவள் அடுத்த இரண்டு நாள் எதுவுமே சொல்லவில்லை. அந்த இரண்டு நாளை நான் எழுதப் போவதில்லை.

நேற்று மாலை நான் வீட்டில் இருந்தேன். அவள் வந்து செருப்பைக் கழற்றினாள். பையை ஆணியில் மாட்டினாள். நான் செய்தித்தாளில் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு ஏறலப்பா" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாக்கு நுனியில் எல்லாக் கேள்விகளும் வந்து நின்றன. எட்டு முப்பத்தெட்டிலிருந்து நாலு ஐம்பது வரை அவள் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் அதைச் சொல்ல வந்து நிற்கிறாள்.

"சரிம்மா" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "சாப்ட்டியா?"

"பாதி. மீதியை அந்தக் கடலைக்கார அக்கா வாங்கிக்கிச்சி. உங்க வூட்ல உப்பு கம்மின்னு சொல்லிச்சி."

உள்ளேயிருந்து அவள் அம்மா, "அவங்கள வந்து செய்யச் சொல்லு" என்றாள்.

மகள் சிரித்தாளா என்று தெரியவில்லை. அதற்குள் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது கழுவாமல் இருந்தது. நாளைக்கு ஏறுவாளா என்று நான் கேட்கவில்லை.